பூனைக்கு வாட்டர் ஃபவுண்டன் வாங்கலாமா?

“தண்ணியே குடிக்க மாட்டேங்குது” என்ற புகாரில்தான் பெரும்பாலும் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கும். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, வாஷ்பேசினில் ஏறி உட்கார்ந்து, குழாயைத் திறக்கச் சொல்லி அதட்டும். சரி, ஓடுகிற தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கிறது போல என்று முடிவுகட்டி ஆன்லைனில் தேடினால், ஆயிரம் ரூபாயிலிருந்து ஐந்தாயிரம் வரை ஃபவுண்டன்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

வாங்கலாமா? சில பூனைகளுக்கு உண்மையிலேயே உபயோகப்படும். பல பூனைகளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பூனையின் உடம்பில் தண்ணீர் சேர்வதற்கு ஃபவுண்டனைவிடச் செலவு குறைந்த, நிச்சயமான வழிகள் இருக்கின்றன. அவற்றை முதலில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. பெங்களூரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் குழாயில் வருவது காவிரியா, போர் தண்ணீரா, டேங்கரா என்பதைப் பொறுத்து அந்தச் சின்ன மோட்டாரின் ஆயுளே மாறும்.

பொருளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில்: ஒன்றரை இரண்டு லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டி, அடியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு குட்டி பம்ப், அது தண்ணீரை மேலே தள்ள, ஒரு தட்டிலோ பூ மாதிரி மூக்கிலோ வழிந்து ஃபில்டர் வழியாகத் திரும்பத் தொட்டிக்கே வரும். மொபைல் சார்ஜரில் ஓடும். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அலங்காரம்.

பூனை ஏன் இப்படி?

நம் வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரிந்த காட்டுப் பூனை. வறண்ட நிலத்து விலங்கு. மனிதனோடு ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய பத்தாயிரம் வருடங்கள் ஆகின்றன. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் வயது சுமார் 9,500 ஆண்டுகள். இத்தனை காலம் நம்மோடு இருந்தும் அதன் சிறுநீரகம் இன்னும் பாலைவனக் கணக்கிலேயே வேலை செய்கிறது. சிறுநீரை மிகவும் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் பூனைக்கு உடனே தாகம் எடுக்காது.

அதோடு, காட்டில் அதற்குக் கிண்ணம் தேவைப்பட்டதே இல்லை. எலி, குருவி, பல்லி என்று பிடித்துத் தின்னும் இரையின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சாப்பாட்டோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். நாம் அதே பூனைக்குப் பத்து சதவீதம்கூட ஈரமில்லாத உருண்டைகளைப் போட்டுவிட்டு, “ஏன் குடிக்க மாட்டேங்குற?” என்று கேட்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய மொத்தத் தண்ணீர், உடல் எடையில் கிலோவுக்குச் சுமாராக 40 முதல் 60 மில்லி. நாலு கிலோ பூனைக்கு 160 முதல் 240 மில்லி. நடுவாக 200 என்று வைத்துக்கொள்வோம். இதில் சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரும் சேர்த்தி. கடையில் கிடைக்கும் 85 கிராம் கிரேவி பாக்கெட்டில் எண்பது சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட 68 மில்லி. இரண்டு பாக்கெட் சாப்பிட்ட பூனை, கிண்ணம் பக்கம் தலை வைக்காமலேயே 136 மில்லியை முடித்துவிட்டது. அதே பூனை 60 கிராம் ட்ரை ஃபுட் தின்றால், அதிலிருந்து வருவது ஆறு மில்லிக்கும் கீழே. மிச்சத்தையெல்லாம் நக்கியே குடித்தாக வேண்டும். ட்ரை ஃபுட் தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடித்து ஓரளவு ஈடுகட்டும், முழுக்க ஈடுகட்டுவதில்லை.

நக்குவது என்பதும் சாதாரண வேலை இல்லை. 2010-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் பூனை தண்ணீர் குடிப்பதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். படத்தில் வந்த நாயகன், குழுவில் ஒருவரான ரோமன் ஸ்டாக்கர் வீட்டுப் பூனை. நாய் நாக்கை மடித்துத் தண்ணீரை அள்ளும். பூனை அப்படி அள்ளுவதில்லை. நாக்கின் நுனியைப் பின்பக்கமாக வளைத்து, அதன் மேல்புறத்தால் தண்ணீரின் மேல்மட்டத்தை லேசாகத் தொடுகிறது. உடனே சரக்கென்று நாக்கை இழுக்கும்போது, ஒட்டிக்கொண்ட தண்ணீர் மெல்லிய தூணாக மேலே எழும்புகிறது. அந்தத் தூண் சரிந்து விழும் முன் வாயை மூடிக் கடித்துக்கொள்கிறது. நொடிக்கு ஏறக்குறைய நாலு முறை. தாடை நனையாது, மீசை நனையாது. ஒவ்வொரு நக்கலுக்கும் உள்ளே போவது சில துளிகள்தான். 200 மில்லியை இப்படிச் சேர்ப்பதற்கு எவ்வளவு நக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நம் பூனை சோம்பேறித்தனத்தால் குடிக்காமல் இல்லை என்பது புரியும்.

குறைவாகக் குடித்தால் என்ன ஆகும்?

கெட்டியான சிறுநீரில் உப்புகள் படிகமாகிக் கல்லாகலாம். சிறுநீர்ப்பையில் அழற்சி வரலாம். வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகவும் சகஜம். அப்படிப்பட்ட பூனையின் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் இழந்துகொண்டே இருப்பதால், குடிக்கிற ஒவ்வொரு வாயும் கணக்கு. எல்லாவற்றையும் தண்ணீர் தலையில் போட்டுவிடவும் கூடாது. சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பங்கு குறிப்பிட்ட காரணம் எதுவும் பிடிபடாத வகை. அதில் மனஅழுத்தத்துக்குப் பெரிய இடம் உண்டு. வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, பக்கத்து ஃபிளாட்டில் மாதக்கணக்கில் டைல்ஸ் வெட்டுவது எல்லாமே இதில் அடக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். படிகமோ சளி மாதிரியான கழிவோ அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியே வராது. பூனை அதன் கழிப்பறையான மணல் பெட்டிக்கு, அதாவது லிட்டர் பாக்ஸுக்கு, திரும்பத் திரும்பப் போகும், குந்தி முக்கும், கத்தும், அடிப்பகுதியையே நக்கிக்கொண்டிருக்கும். மணலில் ஈரம் இருக்காது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு நாள் விளக்கெண்ணெய் வைத்தியம் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாள் பூனைக்குக் கிடையாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் அளவுக்குப் போய்விடும். அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. இரவில் திறந்திருக்கும் தனியார் கிளினிக்குகளும் நகரத்தில் உண்டு. உங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில் இரவில் யார் பார்ப்பார்கள் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் உட்கார்ந்துகொண்டு தேடுகிற விஷயம் இல்லை இது.

ஓடும் தண்ணீர் உண்மையிலேயே உதவுமா?

ஓடும் தண்ணீர் மேல் பூனைக்கு ஏன் ஈர்ப்பு என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். தேங்கிய குட்டையைவிட ஓடை சுத்தமானது என்ற பழைய உள்ளுணர்வு என்பது ஒன்று. இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது. பூனைக்குத் தூரத்தில் அசைவது நன்றாகத் தெரியும். மூக்குக்கு ஓர் அடிக்குள் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அசையாத, கண்ணாடி போன்ற தண்ணீரின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சட்டென்று பிடிபடாது. அதனால்தான் சில பூனைகள் குடிக்கும் முன் காலால் தண்ணீரைத் தட்டிப் பார்க்கின்றன. தண்ணீர் அசைந்தால் இந்தக் குழப்பம் இல்லை, சத்தமும் வழிகாட்டும். மூன்றாவது, வெறும் விளையாட்டு. குழாயடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் தண்ணீரை அடித்து விளையாடிவிட்டு, இரண்டு நக்கு மட்டும் நக்கிவிட்டுப் போகிற பூனைகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இதைக் குறிவைத்தே சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2010-ல் வந்தவை உண்டு, 2019-ல் ஒன்று உண்டு. கிண்ணத்தையும் ஃபவுண்டனையும் மாற்றி மாற்றி வைத்து, எவ்வளவு குடிக்கின்றன, சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளந்தார்கள். சாராம்சம் இதுதான்: மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். சிறுநீரின் அடர்த்தியில் குறிப்பிட்டுச் சொல்லும்படி மாற்றம் வரவில்லை. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் சில பூனைகள் ஓடும் தண்ணீரையே தேடிப்போயின, சில தேங்கிய தண்ணீரையே விரும்பின.

ஆக, “பூனைகளுக்கு ஃபவுண்டன் நல்லதா?” என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. உங்கள் வீட்டுப் பூனை எந்த ரகம் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கொஞ்ச நாள், காலையும் மாலையும் வாஷ்பேசின் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். நிஜமாகவே நின்று குடிக்கிறதா, விளையாடிவிட்டு இறங்குகிறதா? வடியும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2024 கோடைக்குப் பிறகு இந்த ஊரில் குழாயை வீணாகத் திறந்துவிட யாருக்கும் மனசு வராது.

இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அளக்கலாம். காலையில் கிண்ணத்தில் 500 மில்லி அளந்து ஊற்றுங்கள். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி, பூனை போக முடியாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டிலும் மிச்சத்தை அளந்தால், இரண்டாவதில் குறைந்தது ஆவியானது; முதலாவதில் அதற்குமேல் குறைந்தது பூனை குடித்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த இரண்டாவது கிண்ணம் ரொம்ப முக்கியம். அந்த வறண்ட காற்றில் தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்தால், நம் பூனை நிறையக் குடிக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். லிட்டர் பாக்ஸில் உருளும் கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் இன்னொரு சாட்சி. இப்படி அளந்துவைத்தால் வேறொரு லாபமும் உண்டு. ஒரு பூனை திடீரென்று முன்பைவிட அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தால் அது நல்ல செய்தி கிடையாது. சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றின் முதல் அறிகுறி பல சமயம் அதுதான். புது ஃபவுண்டன் வாங்கிய சந்தோஷத்தில் இதைத் தவறவிட்டவர்களும் இருப்பார்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் வருவது மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், அதுவும் மேடு ஏற்றி ஏற்றி பம்ப் செய்து கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் என்று கணக்குச் சொன்னார்கள். ஆனாலும் வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கத்து அபார்ட்மென்ட்டுகளில் பலருக்குச் சம்பில் கலந்து வருவது போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தலைமுறைகளாக இருக்கும் நம்மவர்களுக்குக் காவிரி பழக்கம். ஐடி வேலைக்கு வந்து புறநகரில் குடியேறியவர்களுக்குப் பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறைதான் பழக்கம்.

அந்த வெள்ளைக் கறை கால்சியம், மெக்னீசிய உப்பு. குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீர் பல இடங்களில் முதல் எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கடினமான தண்ணீர் குடித்தால் பூனைக்குக் கல் வந்துவிடுமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆரோக்கியமான பூனைக்கு அப்படிச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. கல் உருவாவதில் சாப்பாட்டில் உள்ள தாதுக்களும் சிறுநீரின் அடர்த்தியும்தான் பெரிய பங்கு வகிக்கின்றன. நீங்கள் குடிக்காத தண்ணீரைப் பூனைக்கும் வைக்காதீர்கள். ஆர்ஓ தண்ணீரோ, காய்ச்சி ஆறவைத்த காவிரியோ, வீட்டில் எது குடிக்கிறீர்களோ அதுவே அதற்கும் போதும்.

போர் தண்ணீரால் கஷ்டப்படப் போவது ஃபவுண்டன்தான். தண்ணீர் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடுவதால் வேகமாக ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் தீர்ந்ததை மட்டும் மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போனால், தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். முதலில் தண்ணீர் வழியும் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். அப்புறம் பம்ப் முனக ஆரம்பிக்கும். “ஆறு மாசத்துலேயே போயிடுச்சு, மட்டமான சரக்கு” என்று திட்டுவார்கள். திட்டுவதற்கு முன் அந்தப் பம்ப்பைத் திறந்து பார்த்திருந்தால் காரணம் உள்ளேயே இருந்திருக்கும்.

எப்படித் திறப்பது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்ப்பை வெளியே எடுங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அடியில் நாலு ரப்பர் கால்கள். முன்பக்க மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே ஒரு வட்ட மூடி, அதையும் எடுத்தால் ஒரு குட்டி விசிறி தெரியும். அதைப் பிடித்து நேராக இழுத்தால் கறுப்புக் காந்தத் தண்டோடு வந்துவிடும். காந்தம் என்பதால் லேசாகப் பிடித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். இப்போது பாருங்கள்: விசிறியின் கழுத்தில் பூனை முடி நூல் சுற்றிய மாதிரி இறுகியிருக்கும். தண்டு இருந்த குழியின் சுவரில் வழவழவென்று ஒரு படலம். அதன்மேல் சொரசொரப்பாக உப்பு. முடியைப் பின்னூசியால் எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியாலும் குழியைத் தேயுங்கள். உப்பு விடாவிட்டால் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, அல்லது எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில், அரை மணி ஊறப்போடுங்கள். பொங்கிக் கரைந்துவிடும். நன்றாக அலசி வாசனை போனபின் மாட்டினால் மோட்டார் சத்தம் பாதியாகக் குறையும். பூனைக்குப் புளிப்பு வாசனை ஆகாது. அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது.

அந்த வழவழப் படலம் பாக்டீரியாக்கள் கூட்டாகக் குடியிருக்கும் இடம். வெறும் தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் போகாது, தேய்த்தால்தான் போகும். வாரத்துக்கு ஒருமுறையாவது தொட்டி, தட்டு, பம்ப் எல்லாவற்றையும் கழற்றித் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் அடிக்கடி. எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி அக்காவிடம் லிஃப்டில், “ஃபில்டர் மாத்தினீங்களாக்கா?” என்று கேட்டேன். “அது ஃபில்டர் போட்டதுதானே, தானா சுத்தமாயிடாதா?” என்றார். பெரும்பாலானவர்களின் எண்ணம் இதுதான். ஃபில்டர் செய்வது மூன்றே வேலை. பஞ்சு முடியைப் பிடிக்கும். கரி, குளோரின் வாடையை உறிஞ்சும். இது காவிரித் தண்ணீர் வீட்டில் உண்மையிலேயே பலன் தரும். சிலவற்றில் இருக்கும் சின்ன மணிகள் கடினத்தன்மையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அந்த ஒரு கைப்பிடி மணி போர் தண்ணீருக்கு முன்னால் சீக்கிரம் செத்துப்போகும். கிருமியைக் கொல்லும் சக்தி இது எதற்கும் இல்லை. மாற்றாமல் விட்ட கரி, கிருமிக்கு வீடாகவே மாறும். இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒன்று மாற்றச் சொல்வார்கள். வாங்கும்போது ஃபவுண்டன் விலையைப் பார்க்கிற நாம், ஒரு வருடத்துக்கு ஃபில்டர் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்ப்பதில்லை. ஒரு வருடத்தில் ஃபில்டர் செலவு ஃபவுண்டன் விலையையே எட்டிவிடும் மாடல்களும் உண்டு. அந்த மாடலுக்கு ஃபில்டரும் தனிப் பம்ப்பும் ஆறு மாதம் கழித்தும் கிடைக்குமா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டு வாட் பம்ப் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான் பார்க்க வேண்டியது. சில மாடல்களில் பம்ப் நின்றவுடன் மேல்தட்டு காலியாகிவிடும். தண்ணீர் மூடிய தொட்டிக்குள், பூனைக்கு எட்டாமல் கிடக்கும். பம்ப் நின்றாலும் ஒரு பக்கம் திறந்த தண்ணீர் நிற்கிற வடிவமாக எடுங்கள். எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு சாதாரணக் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக்கா, ஸ்டீலா என்றால் ஸ்டீல், அல்லது பீங்கான். பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் படலம் பிடிக்கும். தாடையில் கறுப்புப் புள்ளியாக வரும் பூனை முகப்பருவுக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் தொடர்பிருப்பதாகப் பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீல் என்று போட்டிருந்தாலும் பல சமயம் மேல்தட்டு மட்டும்தான் ஸ்டீல், தொட்டி பிளாஸ்டிக். படத்தை நம்பாமல் விவரத்தைப் படியுங்கள்.

காசு செலவழிக்கும் முன்

முதல் வேலை, ஈர உணவு. மேலே போட்ட கணக்கே போதும். எந்த ஃபவுண்டனாலும் ஒரு நாளில் 136 மில்லி கூடுதலாகக் குடிக்கவைக்க முடியாது. பாக்கெட் கட்டுப்படியாகவில்லை என்றால் பாதி வேளை ட்ரை, பாதி வேளை ஈரம் என்று வைக்கலாம். கிரேவியில் இரண்டு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தால் பெரும்பாலான பூனைகள் கண்டுகொள்வதில்லை. கோழி வேகவைத்த தண்ணீர், மீன் அவித்த தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் உப்பு போடக் கூடாது. வெங்காயம், பூண்டு கண்டிப்பாகக் கூடாது. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நமக்கு வைத்த ரசத்திலிருந்தும் குழம்பிலிருந்தும் எடுத்து ஊற்றுகிற வேலையே வேண்டாம்.

பால் வேண்டாமா என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். தயிர்சாதத்தில் வளர்ந்த பூனைகளை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம், சோற்றில் ஈரமும் உண்டுதான். ஆனால் அந்தப் பூனைகள் மீதி வேளைக்கு எலி பிடித்தன. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-லேயே நிரூபித்துவிட்டார்கள். ஆறாவது மாடி ஃபிளாட்டில் எலிக்கு எங்கே போகும்?

இரண்டாவது, கிண்ணங்கள். ஒன்றுக்குப் பதில் மூன்று வையுங்கள், வேறு வேறு அறைகளில். சாப்பாட்டுத் தட்டை ஒட்டி வேண்டாம். லிட்டர் பாக்ஸ் பக்கம் வேண்டவே வேண்டாம். வாய் அகலமாக, விளிம்பு வரை நிறைந்திருந்தால் பூனை தலையை உள்ளே விட வேண்டியதில்லை, குடித்தபடியே சுற்றிலும் கண்காணிக்கலாம். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சமையலறையில் மேல்தட்டில் தூங்கும் எவர்சில்வர் பேசினே போதும். மண்சட்டியும் நல்லது, தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஆனால் மண்ணின் துளைகளில் பாசி பிடிக்கும் என்பதால் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். தினமும் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது பூனைக்கு மட்டும் நல்லதில்லை. டெங்குக் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஓடாமல் மூலையில் கிடக்கும் ஃபவுண்டன் தொட்டியும் அதற்கு ஏற்ற இடம்தான்.

இவ்வளவும் செய்தபின்னும் உங்கள் பூனை குழாயடியே கதியென்று கிடந்தால், தாராளமாக ஃபவுண்டன் வாங்குங்கள். இரண்டு மூன்று பூனைகள் இருக்கும் வீட்டுக்கும் அது தோதுப்படும். சிறுநீரகப் பிரச்சினை, முன்பு ஒருமுறை அடைப்பு என்று டாக்டரிடம் போய்வந்த பூனைக்கு, எந்த வழியில் தண்ணீர் உள்ளே போனாலும் லாபம். ஆனால் அங்கே டாக்டர் சொல்லும் உணவுதான் முதல், ஃபவுண்டன் துணைக்கு. வாரம் ஒருமுறை பம்ப்பைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் வாங்கவே வேண்டாம். அழுக்கு ஃபவுண்டனைவிடத் தினமும் கழுவிய பேசின் ஆயிரம் மடங்கு மேல்.

வாங்கி வந்த அன்றைக்கே பழைய கிண்ணத்தை எடுத்து ஒளித்துவிடாதீர்கள். புதுப் பொருள், அதுவும் முனகுகிற பொருள்; பயந்த சுபாவம் உள்ள பூனை அந்த அறைக்கே வராது. முதலில் பம்ப்பை ஓடவிடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி வையுங்கள். முகர்ந்து, உரசி, தன்னுடையது என்று ஆனபிறகு ஓடவிடுங்கள். போர் தண்ணீர் வீடாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள். உப்புத் தொல்லை பெருமளவு போய்விடும். தண்ணீர் குறைந்து பம்ப் வெறுமனே ஓடினால் எரிந்துபோகும் என்பதால், நீர்மட்டம் வெளியிலிருந்தே தெரிகிற தொட்டியாக இருப்பது நல்லது. ஒயரைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள். குட்டிப் பூனை கடிக்காமல் விடாது.

கடைசியாக, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒன்று. “ரெண்டு லிட்டர் ஃபவுண்டன் இருக்கே, மூணு நாள் தாங்கும்” என்று கணக்குப் போட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் தாங்கும், பம்ப் நின்றாலோ, பூனை தட்டைத் தள்ளிக் கவிழ்த்தாலோ பார்க்க ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், லிட்டர் பாக்ஸில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, தினமும் ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றி, மணலைக் கிளறிப் பார்க்கச் சொல்லி, இரவுக் கிளினிக் நம்பர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள். திரும்பி வரும்போது அவர்களுக்கு ஒரு டப்பா முறுக்கு.